வெள்ளவத்தை பிளாட்டுக்குப் பழைய பேனல் ஸ்பீக்கர்: குவாட்டா மக்னபிளேனரா, எடுத்தா எங்க வைக்கிறது

தம்பி கேட்டது சுருக்கமா இதுதான். வெள்ளவத்தையில கடல் பாத்த பிளாட், மூண்டாம் மாடி, ஹால் 12க்கு 18 அடி, டைல்ஸ் நிலம், ஒரு முனையில பல்கனிக் கண்ணாடிக் கதவு. கறுவாத்தோட்டத்தில பழைய வீடொண்டைக் காலி பண்ணுற ஆக்களிட்ட ஒரு சோடி குவாட் ஈஎஸ்எல்-57 இருக்கு, தெஹிவளையில வேற ஒராளிட்ட மக்னபிளேனர் எம்ஜி-1 ஒரு சோடி இருக்கு. ரெண்டும் பேனல் ஸ்பீக்கர், அதாவது பெட்டியில்லாத, கதவு மாதிரித் தட்டையான ஸ்பீக்கர். ரெண்டில எதை எடுக்கிறது, எடுத்தா எப்பிடி வைக்கிறது, வீட்டில இருக்கிற ஏவி ரிசீவர் (ரீவிக்கும் படத்துக்கும் சத்தம் குடுக்கிற அம்ப்ளிபயர்) போதுமோ, இவ்வளவும் கேட்டிருக்கிறார்.

முடிவை முதலே சொல்லிப்போடுறன், உங்கட அந்த ஹாலுக்கு மக்னபிளேனர். அதுவும் நான் கீழ சொல்லுற மாதிரி வடிவாப் பாத்து, உள்ளுக்கு இருக்கிற கம்பி ஒழுங்கா இருந்தா மட்டும். குவாட்டை எடுக்கிறதெண்டா ஏசி போட்டு மூடி வைக்கக்கூடிய ஒரு தனி அறை இருக்கோணும், இல்லாட்டி ஆசைப்பட்டு எடுக்காதேங்கோ. சத்தத்தின்ர தரம் குறைவெண்டு இல்லை, குரல் கேக்கிறதுக்கு ஈஎஸ்எல்-57 ஐ விட நல்லதொண்டை நான் இண்டைவரை கேக்கேல்ல. நான் வேண்டாமெண்டு சொல்லுறது கடற்கரைக் காத்துக்காக. கொழும்பில பழைய பேனல் ஸ்பீக்கர் வாங்குற ஆக்கள் கனபேர் பெயரைப் பாத்து வாங்கினம், நான் சொல்லுவன் உங்கட அறையையும் உங்கட வீட்டுக் காத்தையும் பாத்து வாங்குங்கோ எண்டு.

ரெண்டும் எப்பிடி வேலை செய்யுதெண்டு விளங்கினா மிச்சமெல்லாம் தன்ர பாட்டில விளங்கும். குவாட் எலெக்ட்ரோஸ்டாற்றிக், நிலைமின்சாரத்தின்ர இழுவையால வேலை செய்யுறது. இங்கிலாந்தில ஹன்டிங்டன்ல பீட்டர் வோக்கர் செய்தது, 1957ல வந்தது, அந்த நேரம் அதுக்குப் பெயர் வெறும் ஈஎஸ்எல்தான், 1981ல ஈஎஸ்எல்-63 வந்த பிறகுதான் பழசை 57 எண்டு பிரிச்சுச் சொல்லத் தொடங்கினது. உள்ளுக்கு மனுசத் தலைமயிரை விட எத்தனையோ மடங்கு மெல்லிய பிளாஸ்ரிக் பிலிம், அதில மின்சாரம் ஏத்தி வச்சிருக்கும், அடிச் சுரம் போடுற பேஸ் பேனலுக்குக் கிட்டத்தட்ட 6000 வோல்ட், நடுவில இருக்கிற, மேல் சுரம் போடுற ட்ரெபிள் பேனலுக்கு 1500 வோல்ட். ரெண்டு பக்கமும் ஓட்டை போட்ட தகடு, அதில பாட்டு சிக்னல் போகும், பிலிம் முன்னுக்கும் பின்னுக்கும் இழுபடும். கம்பிச்சுருள் இல்லை, கோன் இல்லை, பெட்டி இல்லை.

மக்னபிளேனர் அமெரிக்காவில மினசோட்டாவில ஜிம் வைனி செய்தது, கொம்பனி 1969ல தொடங்கினது. இதுவும் மைலார் எண்ட மெல்லிய பிளாஸ்ரிக் தாள்தான், ஆனா தாளில நீள நீளமாக் கம்பி ஒட்டியிருக்கும், பின்னுக்கு ஓட்டைத் தகட்டில பட்டி பட்டியாக் காந்தம். கம்பியால கரண்ட் போகேக்க தாள் முழுக்க அசையும். ஆயிரக்கணக்கான வோல்ட் இல்லை, சுவர் பிளக்கே இல்லை. கரண்ட் போய் வாற ஊரில இது எவ்வளவு நிம்மதியெண்டு சொல்லத் தேவையில்லை.

இப்ப காத்துக்கு வாறன். குவாட்டின்ர பிலிமுக்குப் போற கரண்ட் மைக்ரோ அம்பியர் கணக்கு, அவ்வளவு சின்னது. பேனல் விளிம்பில கொஞ்சம் தூசி, அந்தத் தூசியில கடல் உப்பு, அதில ஈரம், இது மூண்டும் சேர்ந்தாப் போதும், அந்த 6000 வோல்ட் மெல்ல மெல்லக் கசிஞ்சு போயிடும். கசிஞ்சா ஒரு பக்கம் சத்தம் குறையும், சில நேரம் டிக் டிக் எண்டும், சில நேரம் எண்ணெய்ச் சட்டி மாதிரிச் சொர்ர்ர் எண்டும் கேக்கும். மரீன் டிரைவ் பக்கம் யன்னல் கம்பியும் பல்கனிப் பிணைச்சலும் எந்த வேகத்தில கறள் பிடிக்குதெண்டு பாத்திருப்பீங்கள், அதே காத்துத்தான் பேனலுக்குள்ளயும் போகுது. கறுவாத்தோட்டத்தில அந்த வீட்டுக்குள்ள அது எத்தினையோ வருசம் நல்லாப் பாடியிருக்கலாம், கடலில இருந்து தள்ளி, மரங்களுக்கு நடுவில, தடிச்ச சுவர். அதை வச்சு உங்கட மூண்டாம் மாடியிலயும் அப்பிடியே பாடும் எண்டு நினைக்கக்கூடாது.

மக்னபிளேனருக்கு ஈரம் செய்யுற வேலை வேற. அங்க எதிரி பசை. பழைய மொடல்களில கம்பியை மைலாரில பிடிச்சு வச்சிருக்கிற பசை வயசாகி, வெயிலும் ஈரமும் பட்டு விடத் தொடங்கும், கம்பி அங்க இஞ்ச கிளம்பும், கிளம்பின இடம் சில சுரங்களுக்கு மட்டும் ர்ர்ர் எண்டு அதிரும். ஆனா இது கையால திருத்தக்கூடிய வருத்தம். துணியைக் கழட்டி, பழைய பசையைப் பொறுமையாச் சுரண்டித் துடைச்சு, கம்பியைத் திரும்பப் படிய வச்சு ஒட்டினா இன்னும் கனகாலம் ஓடும். உலகம் முழுக்க வீட்டிலயே செய்யிற வேலை. குவாட் பேனலைப் புதுசாக்கிற ஆக்கள் இங்கிலாந்திலயும் ஜெர்மனியிலயும் இருக்கினம், நல்லாச் செய்வினம், ஆனா அங்க அனுப்பி எடுக்கிற செலவும் கஸ்டம்ஸ் அலைச்சலும் சேர்ந்தா ஸ்பீக்கர் விலையையே தாண்டலாம்.

சரி, தெஹிவளைக்குப் போய் எம்ஜி-1 ஐப் பாக்கேக்க என்ன செய்யோணும். போகேக்க மூண்டு சாமான் கொண்டு போங்கோ, ஒரு நல்ல டோர்ச், ஒரு மல்ரிமீற்றர், போனில ஒரு ரோன் ஜெனரேற்றர் அப் (ஒவ்வொரு சுரமாத் தனியப் போடுற செயலி). முதல்ல பாட்டுப் போட விடாதேங்கோ, விக்கிற ஆள் எப்பவும் நல்லாக் கேக்கிற பாட்டைத்தான் போடுவார். லைற்றை அணைச்சிட்டு ஒரு பக்கத்தால டோர்ச்சைச் சாய்ச்சு அடிச்சு மற்றப் பக்கத்தால பாருங்கோ. துணிக்குள்ளால கம்பி வரிசை நிழலாத் தெரியும். வரிசை நேர்கோடா இருக்கோணும். எங்கயாவது கம்பி வளைஞ்சு அடுத்த கம்பியோட முட்டுற மாதிரி இருந்தா, இல்லாட்டி பச்சையாவோ வெள்ளையாவோ பூத்துக் கிடந்தா, அந்த இடத்தை நினைவில வச்சிருங்கோ.

பிறகு மீற்றர். அம்ப்ளிபயரில (அம்ப்) இருந்து வயரைக் கழட்டிட்டு ரெண்டு முனையிலயும் வச்சுப் பாருங்கோ, ரெண்டு ஸ்பீக்கரும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்டோணும். ஒண்டு 4 ஓம்ஸ் சொச்சம் காட்டி மற்றது கனக்க வித்தியாசமாக் காட்டினா உள்ளுக்குக் கம்பி அறுந்ததோ ஒட்டுப்பட்டதோ இருக்கு. இஞ்ச கவனம், மேல் சுரம் போடுற ட்வீட்டருக்கு முன்னால மீற்றரின்ர கரண்டை மறிக்கிற கப்பாசிட்டர் இருக்கிறபடியா மீற்றர் காட்டுறது பேஸ் பக்கத்தை மட்டும்தான், அளவு சரியா வந்தாலும் ட்வீட்டர் செத்துப் போயிருக்கலாம். அதால ட்வீட்டரைக் காது வச்சுத்தான் பாக்கோணும். பியூஸ் இருக்கிற மொடல் எண்டா பியூசைக் கழட்டிப் பாருங்கோ, சில இடத்தில பியூசுக்குப் பதிலா சிகரட் பெட்டி ஈயத்தாள் சுத்தி வச்சிருப்பினம், அப்பிடிக் கண்டா அந்த ஸ்பீக்கர் எப்பிடிப் பாவிக்கப்பட்டதெண்டு உங்களுக்கே விளங்கிடும். பியூஸ் பிடிக்கிற கிளிப் கறுத்துக் கிடந்தா அது சின்ன விசயம், துடைச்சாச் சரி.

அதுக்குப் பிறகு ரோன். சத்தத்தைக் குறைச்சு வச்சு 40 ஹேர்ட்ஸில இருந்து 500 வரைக்கும் மெல்ல மெல்ல ஏத்துங்கோ, ஒவ்வொரு ஸ்பீக்கரையும் தனித்தனியா, காதைப் பேனலுக்குக் கிட்டக் கொண்டு போய். கம்பி விட்ட இடம் இருந்தா ஏதோ ஒரு இடத்தில கட்டாயம் கத்தும். முதல்ல சட்டத்தைக் கையால அழுத்திப் பிடிச்சுப் பாருங்கோ, அதிர்வு நிண்டா அது சட்டத்தின்ர ஆணி லூசு, பேனல் பிரச்சினை இல்லை. அந்தச் சட்டத்தில தூள்ப்பலகை இருக்கிறபடியா எங்கட ஈரத்தில ஊதி, ஆணி பிடிப்பில்லாமப் போகும். அடிப்பக்கத்தைக் கட்டாயம் குனிஞ்சு பாருங்கோ, நிலம் கழுவுற தண்ணி பட்டு அடிப்பலகை வீங்கியிருக்கோ, கறையான் வந்த மண் கோடு இருக்கோ எண்டு. ஒண்டு ரெண்டு இடத்தில கம்பி விட்டிருந்தா விலை பேசலாம். பாதிப் பேனல் விட்டிருந்தா, உங்களுக்கு அந்த வேலை செய்யப் பொறுமை இருந்தா மட்டும் எடுங்கோ.

குவாட்டையும் பாக்கத்தான் போறீங்கள், அதை விட்டுட்டு வர மனம் வராதெண்டு எனக்குத் தெரியும். அப்ப முதல் நாளே போன் பண்ணி, இரவு முழுக்கப் பிளக் போட்டு விடச் சொல்லுங்கோ. எலெக்ட்ரோஸ்டாற்றிக் முழுசா சார்ஜ் ஏற நேரம் எடுக்கும், போன உடன போட்டுக் கேட்டா நல்லதும் கெட்டதும் ஒரே மாதிரித்தான் தெரியும். ஏலுமெண்டா மழை நாளாப் பாத்துப் போங்கோ, வெயில் நாளில ஒழிச்சு நிக்கிற கசிவெல்லாம் மழை நாளில வெளிய வரும், ஈரக்காத்தில திறந்து வச்ச பப்படம் மாதிரித்தான் இந்தப் பேனல்கள். பாட்டில்லாமச் சும்மா இருக்கேக்க காதைக் கொடுத்துக் கேளுங்கோ, டிக் சத்தமோ சொர்ர்ர் சத்தமோ வருதோ எண்டு. பிறகு ஒரு ஆளின்ர பேச்சை மோனோவில போட்டு, பலன்சை ஒருக்கா இடப்பக்கம், ஒருக்கா வலப்பக்கம். ரெண்டும் ஒரே சத்தம், ஒரே குரலா இருக்கோணும். ஒண்டு மெலிஞ்சு, தூரத்தில நிண்டு கதைக்கிற மாதிரி இருந்தா அந்தப் பக்கம் பேனல் கசியுது, இல்லாட்டி மேல் வோல்ட் குடுக்கிற ஈஎச்டி பகுதி தேஞ்சு போச்சு. ஈஎச்டி மட்டும் எண்டா எலெக்ட்ரோனிக்ஸ் தெரிஞ்ச கவனமான ஆளால திருத்தலாம். நல்ல நிலையில இருக்கிற குவாட் பிளக்கைக் கழட்டின பிறகும் கொஞ்ச நேரம் பாடிக்கொண்டே இருக்கும், அதையும் சோதிச்சுப் பாருங்கோ. ஒரு விசயம் கண்டிப்பாச் சொல்லோணும், பின்பக்கத்தைத் திறக்கவேண்டாம், பிளக் கழட்டினாலும் உள்ளுக்குச் சார்ஜ் நிக்கும், வீட்டில சின்னப் பிள்ளையள் இருந்தா முன்பக்கக் கம்பி வலைக்குள்ள ஊசி, பென்சில் ஒண்டும் விட விடாதேங்கோ.

மற்ற மொடல் பற்றியும் ஆராவது கேப்பினம் எண்டபடியா ஒரு சொல்லு. ஈஎஸ்எல்-63 எண்டா வட்ட வட்டமாப் பிரிச்ச பேனல், சத்தம் நடுவில இருந்து வெளிய ஒவ்வொரு வட்டமாத் தாமதிச்சுப் போகும், பேனலுக்கு ஒரு அடி பின்னால இருக்கிற ஒரு புள்ளியில இருந்து வாற மாதிரிக் கேக்கும், அழகான யோசனை. ஆனா எங்கட வெக்கையில அந்தத் தகட்டைப் பிடிச்சிருக்கிற பசை விடும், அதுதான் அதின்ர பேர்போன வருத்தம். மார்ட்டின் லோகன், அக்கூஸ்ராட் ரெண்டும் அமெரிக்கச் சாமான், பிளக் போடுறது, பின்னால 120 வோல்ட் எண்டு இருந்தா எங்கட 230ல நேர குத்தினா எரிஞ்சு போயிடும். ஜப்பானில இருந்து வந்ததெண்டா 100 வோல்ட். எதுக்கும் பின்பக்க லேபிளை வாசிக்காமப் பிளக்கைத் தொடாதேங்கோ. அப்போஜி சின்ரில்லா ஆராவது சும்மா தந்தாலும் யோசியுங்கோ, அது 1 ஓம்ஸ் வரைக்கும் இறங்குற ஸ்பீக்கர், அதை ஓட்டுற அம்புக்கு வேற காசு தேடோணும்.

அம்ப் கதை. ஏவி ரிசீவர் எம்ஜி-1க்குச் சரிவராது. மக்னபிளேனர் சத்தம் குறைஞ்ச ஸ்பீக்கர், அதே சத்தத்துக்குப் பெட்டி ஸ்பீக்கரை விடக் கனக்க பவர் கேக்கும், அதோட 4 ஓம்ஸ். ரிசீவர்கள் கனக்க 6 அல்லது 8 ஓம்ஸ் நினைச்சுச் செய்தது, உங்கட ஹால் வெக்கையில அரை மணித்தியாலத்தில சூடாகிப் புரொடெக்சனுக்குப் போயிடும், அதாவது தன்னைக் காப்பாத்தத் தானா நிண்டு போகும். 4 ஓம்ஸில ஒரு பக்கத்துக்கு 100 வாட்ஸ் பயமில்லாமக் குடுக்கக்கூடிய ஸ்ரீரியோ பவர் அம்ப் ஒண்டு தேடுங்கோ, பழசெண்டாலும் பரவாயில்லை. நல்ல பக்கம் என்னெண்டா மக்னபிளேனர் அம்புக்கு ஏமாத்து வேலை காட்டாது, சுமை எல்லா இடத்திலயும் ஏறக்குறைய ஒண்டுதான், நல்ல கரண்ட் குடுக்கிற எந்த அம்பும் ஓட்டும்.

குவாட்-57 முழுக்க எதிர்மாறு. அதுக்குப் பவர் கூடினாத்தான் ஆபத்து. அதோட பாவிச்ச குவாட் டூ வால்வ் அம்ப் வெறும் 15 வாட்ஸ், பிறகு வந்த 303ம் பெரிய பவர் இல்லை, 100 வாட்ஸ் 405 வந்த நேரம் இந்த ஸ்பீக்கரோட பாவிக்கிறதுக்கெண்டு கொம்பனியே லிமிற்றர் (பவரை மட்டுப்படுத்திற பகுதி) வச்சது. 33 வோல்ட் உச்சத்துக்கு மேல போனா உள்ளுக்குப் பொறி பறந்து ட்ரெபிள் பேனல் எரியும். போதாக்குறைக்கு மேல் சுரத்தில இம்பீடன்ஸ் (கரண்டுக்கு ஸ்பீக்கர் காட்டுற தடை) 2 ஓம்ஸுக்குக் கிட்ட இறங்கும், சில அம்புகள் அதில தடுமாறும். அப்ப ஏவி ரிசீவரோட குவாட்டைச் சேர்க்கிறதெண்டா கதைக்கவே வேண்டாம்.

எடுத்தாச்செண்டு வைப்பம், கொண்டு வாறது. பேனலை எப்பவும் நிமித்தித்தான் ஏத்தோணும், லொறியில படுக்க வச்சு மேல வேற சாமான் ஏத்தினா தகடு வளையும், வளைஞ்சா நிமித்திறது கஷ்டம். எம்ஜி-1 ஆளுயரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு, உங்கட லிப்டுக்குள்ள போகுமோ எண்டு முதலே அளவுநாடா பிடிச்சுப் பாருங்கோ. காந்தம் பெரிசு, ஏரிஎம் கார்ட்டைப் பொக்கெற்றில வச்சுக்கொண்டு கட்டிப்பிடிச்சுத் தூக்காதேங்கோ.

இப்ப வைக்கிற இடம், இதில மினக்கெட்டாத்தான் காசுக்குப் பலன். பேனல் முன்னுக்கு எவ்வளவு சத்தம் போடுதோ அவ்வளவும் பின்னுக்கும் போடும், தலைகீழா. பெட்டி ஸ்பீக்கரைச் சுவரோட ஒட்டினா பேஸ் கூடும், பேனலைச் சுவரோட ஒட்டினா பின்னுக்குப் போன தலைகீழ் அலை உடன திரும்பி வந்து ஆழமான பேஸை அழிச்சுப் போடும், குரலும் மங்கிப் போகும். சுவரில இருந்து ஒரு அடியில வச்சா பின் அலை 2 மில்லிசெக்கனுக்குள்ள வந்து முன் அலையோட குழம்பும், காதால ரெண்டையும் பிரிக்க ஏலாது. 5 அடி தள்ளினா போய் வர 3 மீற்றர், கிட்டத்தட்ட 9 மில்லிசெக்கன், இப்ப காது அதை அறையின்ர ஆழமா எடுத்துக்கொள்ளும், பாடுற ஆள் சுவருக்கு அப்பால நிக்கிற மாதிரி இருக்கும். ஆகக் குறைஞ்சது 3 அடியாவது விடுங்கோ, அதுக்குக் குறைச்சு விடுறதெண்டா பேனலே வாங்க வேண்டாம், நல்ல சின்னப் பெட்டி ஸ்பீக்கர் வாங்கிச் சந்தோசமா இருங்கோ.

உங்கட ஹாலில ஸ்பீக்கரைப் பல்கனிப் பக்கம் வைக்காதேங்கோ. எல்லாரும் ரீவியை அங்க வைக்கிறபடியா அப்பிடித்தான் மனம் போகும். அங்க பின்னுக்குக் கண்ணாடி, பின் அலை கூர்மையாத் திரும்பி வந்து காதைக் குத்தும், பின்னேர வெயில் கடல் பக்கத்தால நேர பேனலில விழும், வெயில் பசைக்கும் மைலாருக்கும் கூடாது, கதவு திறந்தா உப்புக் காத்தும் முதல்ல அதிலதான் படும். மறுபக்கம், உள்சுவர்ப் பக்கம் வையுங்கோ, சுவரில இருந்து 5 அடி முன்னுக்கு. நீங்கள் இருக்கிற செற்றி ஸ்பீக்கரில இருந்து 8, 9 அடி, அப்ப உங்கட முதுகுக்குப் பின்னால பல்கனி வரைக்கும் இன்னும் 4 அடி மிஞ்சும். பல்கனிக் கண்ணாடிக்குத் தடிச்ச திரைச்சீலை. வீட்டில 5 அடி இடத்தைச் சும்மா விடுறதோ எண்டு கேப்பினம், சும்மா இல்லை, குசினிக்கும் வாசலுக்கும் போற வழி அங்காலதானே, ஆக்கள் பேனலுக்குப் பின்னால நடந்து போகலாம். அதுவும் சரிவராட்டி, ஸ்பீக்கர் காலுக்கடியில தடிச்ச கம்பளித் துணி ஒட்டிப் போட்டுக் கேக்கிற நேரம் மட்டும் இழுத்து வையுங்கோ, டைல்ஸில சின்ன ஒட்டுநாடாத் துண்டு ஒட்டி இடத்தைக் குறிச்சு வச்சா ஒவ்வொரு முறையும் அதே இடத்துக்கு வரும்.

12 அடி அகலம் ஒடுக்கமெண்டு பயப்பட வேண்டாம். பேனலின்ர பக்கவாட்டில சத்தம் மிகக் குறைவு, முன் அலையும் பின் அலையும் ஒண்டையொண்டு அழிக்கிற இடம் அது. அதால பக்கச் சுவர் கிட்ட இருந்தாலும் பெட்டி ஸ்பீக்கர் அளவுக்குத் தொல்லை தராது, பக்கத்து வீட்டு ஆக்களுக்கும் கொஞ்சம் ஆறுதல். நடுவுக்கு நடு 6, 7 அடியில தொடங்குங்கோ.

எம்ஜி-1ல ட்வீட்டர் ஒரு விளிம்பிலதான் இருக்கும், ரெண்டு ஸ்பீக்கரும் கண்ணாடிப் பிம்பம் மாதிரிச் சோடி. முதல்ல ட்வீட்டர் உள்பக்கமா வாற மாதிரி வச்சுப் பாருங்கோ. ட்வீட்டர் விளிம்பு உங்கட காதுக்குப் பேஸ் பக்கத்தைவிடக் கிட்ட இருக்கக்கூடாது, சமனா, இல்லாட்டி ஒரு நூல் தள்ளி. இதைக் கண்ணால பிடிக்க ஏலாது. தலை வாற இடத்தில செற்றியில ஒரு நூலைக் கட்டி, ஸ்பீக்கரின்ர உள்விளிம்புக்கும் வெளிவிளிம்புக்கும் இழுத்துப் பாருங்கோ, உள்விளிம்பு கிட்ட வந்தா ஸ்பீக்கரை உங்களைப் பாத்து இன்னும் கொஞ்சம் திருப்புங்கோ. நூல் ரெண்டு பக்கமும் சமனா வந்த உடன, இடத்துக்கிடம் பிஞ்சு போய்க் கிடந்த பாட்டு ஒண்டாச் சேரும். பிறகு ஒரு குரலை மோனோவில போடுங்கோ, குரல் நட்ட நடுவில நிக்கோணும், நடுவே இல்லாமத் தலைக்குள்ள சுத்தினா ஒரு பக்கம் வயர் மாறிப் போச்சு, சிவப்பையும் கறுப்பையும் பாருங்கோ.

டைல்ஸ் நிலத்தில செற்றிக்கு முன்னால ஒரு காப்பெற் போடுங்கோ. பின்சுவரில தடிச்ச ஸ்பொஞ்ச் ஒட்டாதேங்கோ, பின் அலையைச் சாகடிச்சுப் போட்டுப் பேனல் வாங்கி என்ன பலன், அங்க புத்தக அலுமாரி ஒண்டு இருந்தா நல்லது, உயரம் குறைஞ்ச புத்தகம் கூடின புத்தகம் எண்டு மாறி மாறி இருக்கட்டும், அலை சிதறிப் போகும். மேல சுத்துற பான், அதுதான் கொழும்பில பெரிய சிக்கல், வேகமாச் சுத்தினா நீண்ட சுரங்கள் மெல்ல நடுங்கிற மாதிரிக் கேக்கும், வயலின் போட்டா உடன தெரியும். கேக்கிற நேரம் அதை நிப்பாட்டிப்போட்டு ஸ்ராண்ட் பான் ஒண்டைச் செற்றிக்குப் பக்கத்தில, பேனலைப் பாக்காம வையுங்கோ. கோச்சி (ரயில்) போற நேரம் அந்தச் சத்தத்துக்கு ஒண்டும் செய்ய ஏலாது.

பராமரிப்பு எண்டா முதல்ல ஒரு ஈரமானி வாங்குங்கோ, பெரிய விலை இல்லை. 60 வீதத்துக்குக் கீழ நிண்டா எந்தப் பேனலும் சந்தோசம், எங்கட பக்கம் யன்னல் திறந்த வீட்டில அது சும்மா 80 காட்டும். மக்னபிளேனர் அதையும் தாங்கும், பருத்தித் துணியில உறை தைச்சுப் போட்டு, மழைக்காலத்தில இடைக்கிட ஏசியை ட்ரை மோட்டில விட்டாக் காணும். குவாட் எண்டா ஏசியோ டிஹியூமிடிபயரோ (காத்தில ஈரம் எடுக்கிற மெசின்) கட்டாயம். வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி, ஊதுபத்தி, நுளம்புத்திரி எல்லாத்தின்ர புகையையும் எலெக்ட்ரோஸ்டாற்றிக் பேனல் தன்னட்ட இழுத்து எடுக்கும், சாமியறைக்குப் பக்கத்தில குவாட்டை வைக்கவே கூடாது. சித்திரையிலயும் ஐப்பசி கார்த்திகையிலயும் பின்னேர இடிமழை தொடங்கினா குவாட் பிளக்கைக் கழட்டுங்கோ, அம்பின்ர பிளக்கையும் சேர்த்து. வக்யூம் கிளீனரைப் பேனலுக்குக் கிட்டக் கொண்டு போக வேண்டாம், பெரிய மக்னபிளேனர்களில ரிபன் ட்வீட்டர் (மெல்லிய உலோகப் பட்டி) இருக்கிற மொடலெண்டா ஒரு இழுப்பில ரிபனே போயிடும்.

என்ன கேக்கப் போறீங்கள் எண்டதும் முக்கியம். வீணை, வயலின், குரல், மிருதங்கத்தில தோலில விரல் படுற அந்த முதல் சத்தம், இதுகளுக்குப் பேனலுக்கு மேல ஒண்டுமில்லை. வீணையில ஒரு கமகம் இழுத்து முடிஞ்ச பிறகும் தந்தியில கொஞ்சம் உயிர் மிஞ்சி நிக்கும் பாருங்கோ, பெட்டி ஸ்பீக்கரில அது பெட்டியின்ர சத்தத்துக்குள்ள மறைஞ்சு போகும், இதில கடைசி வரைக்கும் கேக்கும். நாதஸ்வரமும் தவிலும் எண்டா வேற கதை. தட்சிணாமூர்த்தியின்ர தவிலைக் கோயில் வீதியில கேட்ட அளவுச் சத்தத்தில கேக்கோணுமெண்டா குவாட்-57 தாங்காது, எம்ஜி-1ம் மூச்சு வாங்கும். அடியில 50 ஹேர்ட்ஸுக்குக் கீழ ரெண்டுமே பெரிசா ஒண்டும் தராது. சினிமாப் பாட்டும் படமும் எண்டா அடிச் சுரத்துக்கு மட்டும் ஒரு சின்ன மூடின பெட்டி சப்வூபர் சேர்க்கலாம், ஆனா முதல் ஒரு மாசம் அது இல்லாமக் கேளுங்கோ, எது இல்லையெண்டு காதே சொல்லும்.

விலை பேசேக்க குவாட் எண்ட பெயருக்குக் காசு குடுக்காதேங்கோ, பேனல் கசிஞ்சா வெளிநாட்டில திருத்திற செலவைக் கழிச்சுப்போட்டுச் சொல்லுங்கோ. எம்ஜி-1க்கு அம்ப் வாங்கிற காசைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கோ. வயர், பியூஸ், பிளக் எல்லாம் புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவில எடுக்கலாம், விலை கூடின ஸ்பீக்கர் வயர் தேவையே இல்லை, தடிச்ச நல்ல செப்பு வயர் போதும். தெஹிவளைக்குப் போயிட்டு வந்து ரெண்டு பக்கத்தின்ர ஓம்ஸ் அளவையும், டோர்ச் அடிச்சு எடுத்த படத்தையும், எந்த ஹேர்ட்ஸில அதிர்ந்தது எண்டதையும் எழுதுங்கோ, எடுக்கலாமோ விடலாமோ எண்டு அதைப் பாத்துச் சொல்லுறன்.